பாம்புக்கு ஒரு மரக்கொப்பு: தெரிவது முதல் பூட்டுவது வரை

பாம்பு ஏறுவதற்காகப் பெட்டிக்குள் வைக்கும் மரக்கொப்பு என்றதும் பாம்பு வைத்திருக்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பூச்சி சாக ஓவனில் எத்தனை பாகை, எவ்வளவு நேரம்?" என்பதுதான். அதற்குப் பதில் கீழே இருக்கிறது. ஆனால் கொப்பால் பாம்புக்கு வரக்கூடிய தொல்லைகளை வரிசைப்படுத்தினால் மரத்துக்குள் இருக்கும் பூச்சி கடைசியில்தான் வரும். சரியாகப் பூட்டாத கொப்பு சரிந்து பாம்பின் மேல் விழுவது, மேலே ஏறிய பாம்பு பெட்டியைச் சூடாக்கும் லைட்டுக்குக் கிட்டப் போய் முதுகைச் சுட்டுக்கொள்வது, வெட்டிய கணு வயிற்றுச் செதிலைக் கீறுவது: இவைதான் முன்னால் நிற்பவை. ஓவனுக்குச் செலவழிக்கும் கவலையில் பாதியை ஸ்குரூவுக்குச் செலவழித்தால் போதும்.

நான் இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். பேஸ்மென்ட்டில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் கோர்ன் ஸ்னேக் என்கிற ஒல்லியான செம்மஞ்சள் பாம்பு, பேர் மாம்பழம். மற்றதில் ரோயல் பைதன், கடையில் போல் பைதன் என்று எழுதியிருப்பார்கள். பயந்தால் தலையை நடுவில் வைத்துச் சுருண்டுவிடும், அதனால் அதற்கு உருண்டை என்று பேர். ரொறன்ரோவில் 3 மீற்றருக்கு மேல் வளரும் பாம்பினங்களை வீட்டில் வைத்திருக்க முடியாது. இந்த இரண்டுக்கும் அந்தப் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாரை, மலைப்பாம்பு, நாகம் போன்ற உள்நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள வெளிநாட்டு இனங்களையும் 2024இல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். கொப்பைத் தேட முதல் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம்

"பாதுகாப்பான மரங்கள்" என்று சுற்றிவரும் பட்டியல்களில் பல, கிளிக்கும் முயலுக்கும் போட்டவை. அவை மரத்தைக் கடித்துத் தின்னும், அதனால் பட்டையில் என்ன நஞ்சு இருக்கிறது என்பது அவற்றுக்கு உயிர்ப்பிரச்சினை. பாம்பு மரத்தைக் கடிப்பதில்லை. பாம்புக்குப் பார்க்க வேண்டியது வேறு: சூட்டில் ஆவியாகி மூடிய பெட்டிக்குள் நிற்கும் வாசனை எண்ணெய், ஒட்டும் பிசின், தோலில் பட்டால் எரிக்கும் பால், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் ஊறி இறங்கும் சாறு.

இந்தக் கணக்கில் முதலில் தள்ள வேண்டியது சீடர். இங்கே இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் வேலியாக நிற்பது அதுதான், சும்மா கிடைக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம். வெட்டினால் அறை முழுக்க மணக்கும். மூக்கால் மட்டுமில்லாமல் நாக்காலும் மணம் பிடிக்கும் பிராணியை அதற்குள் அடைப்பது நியாயமில்லை. பைன், ஸ்ப்ரூஸ் இரண்டும் லைட் சூட்டில் பிசின் கக்கும். வேலியில் நிற்கும் இன்னொன்று யூ, தட்டையான கரும்பச்சை ஊசியிலையும் சிவப்புப் பழமும் உள்ள செடி. பழச்சதையைத் தவிர எல்லாப் பாகமும் கடும் நஞ்சு, கையே வைக்க வேண்டாம். கறுப்பு வால்நட், பிளாக் லோகஸ்ட் இரண்டையும் நான் எடுப்பதில்லை. வேறு நல்ல மரம் தாராளமாகக் கிடைக்கும்போது எதற்கு வீண் வாதம்? ஊரில் உள்ளவர்கள் அரளி, எருக்கலை பக்கம் போகவே வேண்டாம்.

எடுக்கக்கூடியவற்றில் எனக்கு முதலிடம் ஆப்பிள். வைரமான மரம், வளைந்து நெளிந்து வளரும், பட்டை எளிதில் கழராது, கவர்கள், அதாவது கொப்பு இரண்டாகப் பிரியும் இடங்கள், நிறைய. அடுத்தது ஓக், பீச், மேப்பிள். கிழட்டு லைலாக் செடியின் அடிக்கொப்பு கிடைத்தால் விடாதீர்கள், முறுக்கிப் பிழிந்தது போன்ற வடிவம் அதற்கு இயற்கையாகவே வரும். காட்டுத் திராட்சைக் கொடி பார்க்க அழகு, கடைகளிலும் விற்கிறார்கள். ஆனால் அதன் பட்டை நாராக உரியும், நாருக்குள் ஈரம் நிற்கும், ஈரம் நின்றால் பூஞ்சணம். ரோயல் பைதன் பெட்டி போல ஈரப்பதம் வைக்க வேண்டிய இடத்தில் அது சரிவராது.

மேப்பிள் பற்றி ஒரு குறிப்பு. குளிர்காலம் முடியும் நேரத்தில், இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில், அந்த மரத்தில் இனிப்புச் சாறு ஓடும். சிரப் காய்ச்சுகிறவர்கள் காத்திருப்பது அதற்குத்தான். அந்த நேரத்தில் வெட்டிய கொப்பு சர்க்கரைத் தண்ணீரில் ஊறியது மாதிரி இருக்கும். எறும்பும் பூஞ்சணமும் தேடி வரும். மேப்பிளைக் கோடையில் எடுங்கள். ஆப்பிளுக்கோ, அதற்கு மாறாக, மார்ச் மாதம்தான் நல்ல காலம். முளை விடுவதற்கு முன் எல்லோரும் கவாத்துப் பண்ணுவார்கள், வெட்டிய கொப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்பார்கள். கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். பாம்புக்கு என்று சொல்லாமல் கேட்பது நல்லது.

எங்கே எடுப்பது

பூங்காவில் எடுக்கக் கூடாது. விழுந்து கிடந்தாலும் கூடாது. ரூஜ் தேசிய நகரப் பூங்கா ஸ்காபரோக்காரருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கொப்புகள் குவியலாகக் கிடக்கும். ஆனால் அது தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. தவிர, அந்தப் புல்லுக்குள் நடந்தால் உண்ணி ஏறும், லைம் நோயைக் காவும் கறுப்புக்கால் உண்ணி அந்தப் பக்கம் இருக்கிறது. நண்பர்களின் பின்வளவு, மரம் வெட்டுகிற கொம்பனிக்காரரின் லொறி, வசந்தத்தில் குப்பைக்காக வீட்டு வாசலில் கட்டி வைக்கும் கொப்புக் கட்டு, இவை போதும். காற்று அடித்த மறுநாள் நல்ல அறுவடை. 2022 மே மாதப் புயல் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் தெற்கில் மரங்களைப் புரட்டிப் போட்டபோது தெருவுக்குத் தெரு வைரமான மேப்பிள் கொப்பு கிடந்தது.

மருந்து அடித்த மரமா என்று கேளுங்கள். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுப் புல்தரைக்கும் தோட்டத்துக்கும் அழகுக்காகப் பூச்சிமருந்து அடிப்பதற்குத் தடை இருக்கிறது. விவசாயத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே பழத்தோட்டத்து ஆப்பிளைவிட வீட்டு வளவு ஆப்பிள் நம்பகமானது. பழத்தோட்டங்களில் ஒரு பருவத்தில் பல தடவை மருந்து தெளிப்பார்கள்.

ஆஷ் மரம் தனிக்கதை. மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று, ஆசியாவிலிருந்து வந்தது, 2002இல் டிற்றோயிட்டிலும் வின்ட்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. ரொறன்ரோவின் ஆஷ் மரங்களையும் காலி பண்ணிவிட்டது. அதன் புழு பட்டைக்குக் கீழே பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்து கோடு போடும், கிழிக்கத் தேவையில்லாமல் பட்டை தானாகவே உரிந்து தெரியும். வண்டு வெளியேறிய துளை ஒருபக்கம் தட்டையான அரைவட்டமாக இருக்கும். செத்த ஆஷ் சடக்கென்று முறியும் என்பதால் பாரம் தாங்குகிற இடத்துக்கு உதவாது. வண்டு பரவிய பகுதியிலிருந்து ஆஷ் மரத்தை வெளியே கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. சில மரங்களைக் காப்பாற்ற அடிமரத்தில் மருந்து ஏற்றியிருப்பார்கள். இங்கே அதற்குப் பயன்படுத்தும் ஒரு மருந்து வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்தது. அம்மாவிடம் சொன்னபோது, "அதை நாங்கள் எப்பவோ செய்தனாங்கள்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட்டா. (எண்ண வேண்டாம்.)

கொப்பைக் கையில் எடுக்க முதல் அதில் சுற்றிய கொடியைப் பாருங்கள். மரத்தில் ஒட்டிய கயிறு போன்ற கொடியில் சிவந்த ரோமம் அடர்ந்திருந்தால் அது பொய்சன் ஐவியாக இருக்கலாம். இலை இல்லாத காலத்திலும், செத்த கொடியிலும் அதன் எண்ணெய் தோலைக் கொப்பளிக்க வைக்கும். மாவும் கஜுவும் சேர்ந்த அதே குடும்பம்தான். மாங்காய்ப் பால் வாயோரத்தைப் பொள்ள வைப்பதும் அதே உறவில்தான். அந்தக் கொடி ஒட்டிய கட்டையை ஓவனிலும் வைக்கக் கூடாது, எரிக்கவும் கூடாது. புகை நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். அப்புறம், பட்டையில் மண்ணிறப் பஞ்சு தடவிய மாதிரித் திட்டு இருந்தால் அது ஸ்பஞ்சி மோத் என்ற அந்துப்பூச்சியின் முட்டைக் கூட்டம். பழைய கத்தியால் சுரண்டிச் சவர்க்காரத் தண்ணீருக்குள் போடுங்கள். வெறுங்கையால் தொட்டால் அதன் மயிர் சிலருக்கு அரிக்கும்.

எவ்வளவு தடிப்பு

பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடம் எவ்வளவோ, அதே அளவு அல்லது சற்றுக் கூடிய தடிப்பு. வளர்ந்த கோர்ன் ஸ்னேக்குக்கு 2 முதல் 4 சென்ரிமீற்றர் சரி. ரோயல் பைதனுக்கு 5, 6 என்று போக வேண்டும். அது ஒல்லிக் கொப்பில் ஏறினால் ஏறும், ஆனால் தங்காது. "போல் பைதன் தரைப்பாம்பு, கொப்பு எதற்கு?" என்று கேட்பார்கள். தென்கிழக்கு நைஜீரியாவில் நடந்து 1998இல் வெளியான ஆய்வொன்றில், ஆண் பாம்புகள் மரமேறிப் பறவைகளைத் தின்பது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. உருண்டையும் இரவானால் ஏறும். பெட்டியைப் பகலில் மட்டும் பார்ப்பவர்களுக்குத்தான் அது தரைப்பாம்பு.

நேர்க்கொப்பைவிடக் கவர் விட்ட கொப்பு நல்லது. பாம்புக்கு நடக்க ஒரு பாதை வேண்டும், சுருண்டு கிடக்க ஓர் இடமும் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பது கவர்தான். வெட்டும்போது பெட்டியின் நீளத்தைவிட ஒரு சாண் கூடவே வெட்டுங்கள். காயும்போது நுனிகள் வெடிக்கும், வெடித்த துண்டை அறுத்து எறிய வேண்டிவரும்.

காயவிடுதல்

பச்சைக் கொப்பைப் பெட்டிக்குள் வைத்தால் ஒரு வாரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும், ஒரு மாதத்தில் சுருங்கி ஸ்குரூ தளரும். இரண்டாவதுதான் மோசம். கராஜில் தரையில் படாமல் இரண்டு கட்டைக்கு மேல் கிடத்தி, காற்றுப்போக விடுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் பேஸ்மென்ட் இன்னும் வசதி, தோலே வெடிக்கிற அளவு வறட்சி அங்கே. காய்ந்துவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. குசினித் தராசில் நிறுத்து, கொப்பிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை நிறுங்கள். நிறை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. தராசு இல்லாவிட்டால் இரண்டு கொப்பை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ஈரக்கொப்பு மொத்தென்று சத்தம் போடும், காய்ந்தது டங்கென்று.

பட்டையை உரிக்கலாமா? இறுகப் பிடித்திருந்தால் விடுங்கள். நகத்தால் நெம்பும்போது கழருகிற பட்டையை முழுக்க எடுத்துவிடுங்கள். மாம்பழம் ஆப்பிள் கொப்பில் ஏறுவதைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் பட்டை எதற்கு என்று விளங்கும். கோர்ன் ஸ்னேக்கின் வயிறு வட்டமாக இல்லை, அடிப்பக்கம் தட்டை, இரண்டு கரையிலும் செதில்கள் மடிந்து ஒரு விளிம்பு ஓடும். அந்த விளிம்பைப் பட்டையின் ஒவ்வொரு வெடிப்பிலும் மாட்டி, மாட்டிய இடத்தை அசையாமல் வைத்துக்கொண்டு, மீதி உடம்பை மேலே இழுக்கும். பட்டை உரித்து வழவழப்பாக்கிய கொப்பில் அதே பாம்பு சுற்றிச் சுற்றிக் கட்டிப் பிடித்துத்தான் ஏறும். தோல் கழற்றும் நாட்களில் மூக்கை உரசத் தேடுவதும் சொரசொரப்பான பட்டையைத்தான்.

கழுவல்

குளியல் தொட்டியில் சுடுதண்ணீர் விட்டு, விறைத்த பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். மண், பாசி, பறவை எச்சம் எல்லாம் இங்கேயே போக வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் அடுத்த கட்டம் பெரிய வேலையில்லை. செய்யாமல் விட்டால் அடுத்த கட்டம் பயனும் இல்லை, ஏனென்றால் அழுக்கின் மேல் விட்ட பிளீச் அழுக்கோடு சேர்ந்தே செயலிழந்துவிடும்.

எனக்குப் பிளீச் கட்டாயம் என்று தோன்றுவது, வேறு ஊர்வன இருந்த பெட்டியிலிருந்து வந்த பழைய கொப்புக்கு மட்டும்தான். வீட்டுப் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, அரைமணி நேரம் ஊறல். பிறகு பல தடவை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் பிளீச் மணம் அறவே போகும் வரை காயவிட வேண்டும். வினாகிரியோ அமோனியா கலந்த வேறு கிளீனரோ அதோடு சேரக் கூடாது, நச்சு வாயு வரும். முக்கியமாக, டெட்டோல் வேண்டாம். எங்கள் வீடுகளில் காயத்துக்கும் அதுதான், தரைக்கும் அதுதான், ஆகவே கை தானாக அந்தப் போத்தலுக்குப் போகும். அது பீனோல் என்ற இரசாயன வகை. பைன் எண்ணெய்க் கிளீனர்களும் வேண்டாம். ஊர்வனவற்றுக்கு பீனோல் ஆகாது, மரம் அதை உறிஞ்சி வைத்துப் பிறகு மெல்ல மெல்ல விடும்.

சூடு

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. நான் வேலை செய்வது வேர்ஹவுஸில். கப்பலில் வரும் மரப் பலகைத் தட்டுகளில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை குத்தியிருக்கும், அதற்குப் பக்கத்தில் "HT" என்று இரண்டு எழுத்து. சூடுகாட்டிய மரம் என்று பொருள். நாடுகள் ஒத்துக்கொண்ட விதி இது: மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ், தொடர்ந்து 30 நிமிடம். உலகம் முழுக்க மரத்தில் பூச்சி பரவாமல் காக்க இந்தச் சூடே போதும் என்றால், வீட்டில் ஏன் கொப்பைக் கருக்க வேண்டும்? சில தட்டுகளில் "MB" என்று இருக்கும், அது மீதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை போட்டது. அந்தப் பலகையைப் பாம்புப் பெட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கணக்கு நடுப்பகுதிக்கு, வெளித்தோலுக்கு அல்ல. ஆகவே இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் தெர்மோமீற்றர் ஒன்றை எடுங்கள். பூட்டும்போது எப்படியும் ஸ்குரூவுக்காகத் துளை போட வேண்டிய இடத்தில், கொப்பின் நடுவரை சின்னதாக ஒரு துளை போட்டு, அதற்குள் ஊசியைச் செருகுங்கள். ஓவனை 225 பரன்ஹீட்டில், அதாவது 107 செல்சியஸ் அளவில் வையுங்கள். ஊசி 56ஐத் தாண்டியதும் அரைமணி நேரம் எண்ணுங்கள், அவ்வளவுதான். காய்ந்த ஒல்லிக் கொப்புக்கு விரைவில் முடியும், தடித்ததற்குப் பொறுமை வேண்டும். கொப்பு சூட்டுக் கம்பியில் முட்டக் கூடாது. ஓவன் ஓடும்போது குசினியை விட்டுப் போகக் கூடாது. யன்னலைத் திறந்து வையுங்கள், மரம் வேகும் மணம் திரைச்சீலையில் இரண்டு நாள் நிற்கும். "உந்தக் கட்டையை என்ர ஓவனுக்க வைக்காதை" என்று சொல்ல ஆள் இருக்கும் வீடானால், அவர் கோயிலுக்குப் போகும் நேரம் பார்க்க வேண்டியதுதான்.

ஓவனுக்குள் அடங்காத நீளக் கொப்புக்குக் கொதிநீர். குளியல் தொட்டியில் கிடத்தி, கேத்தல் கேத்தலாக மெதுவாக ஊற்றிக்கொண்டே திருப்புவேன். இது 56 பாகைக் கணக்குக்கு ஈடாகாது என்று தெரியும். ஆனால் நன்றாகக் காய்ந்த, துளையில்லாத, பட்டை இறுகிய கொப்புக்கு இதற்கு மேல் நான் செய்வதில்லை. யூலை வெயிலில் கறுப்புக் குப்பைப் பைக்குள் சுற்றி, யன்னல் மூடிய காருக்குள் பகல் முழுக்க வைப்பது இன்னொரு வழி. அதே ஊசியைச் செருகிப் பார்த்தால் எவ்வளவு ஏறியது என்று தெரிந்துவிடும். வேலைசெய்யாத வழி ஒன்றும் இருக்கிறது, இங்கே எல்லோரும் நம்புவது: "பனிக்குள் வெளியே போடு, பூச்சி செத்துவிடும்." இந்த நாட்டுப் பூச்சி இந்த நாட்டுக் குளிரில் வளர்ந்தது. மேலே சொன்ன ஆஷ் வண்டின் புழு மைனஸ் 25ஐயும் தாங்கும். வீட்டு ஃப்ரீஸர் வெறும் மைனஸ் 18.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பாம்பைப் படுத்தும் உண்ணி, செதிலுக்குக் கீழே மிளகுத்தூள் மாதிரித் தெரியும் அந்தக் கறுப்புச் சிற்றுண்ணி, மரத்திலிருந்து வருவதில்லை. அது இன்னொரு பாம்பிலிருந்து, கடையிலிருந்து, அந்தப் பாம்பைத் தொட்ட கையிலிருந்து வரும். தோட்டத்துக் கொப்பில் ஓடும் சின்னப் பூச்சிகள் பாம்பின் இரத்தம் குடிப்பவை அல்ல. ஓவன் பயத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால் வந்தது.

கணு, நுனி

சுள்ளிகளைக் கொப்போடு ஒட்ட வாளால் அறுங்கள். கையால் முறித்தால் நாராகக் கிழிந்து ஈட்டி மாதிரி நிற்கும். பிறகு அரம், அப்புறம் 120ஆம் இலக்கச் சாண்ட்பேப்பர். முடிந்ததா என்று பார்க்கப் பழைய நைலோன் சேலைத் துண்டு ஒன்றைக் கொப்பின் மேல் இரு பக்கமாகவும் இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே செதிலும் மாட்டும். கை விரலுக்குத் தெரியாத சிலும்பை அந்தத் துணி காட்டிக்கொடுக்கும். நுனியில் வெடிப்பு விரிந்திருந்தால் வெடிப்பு முடியும் இடத்துக்கு அப்பால் அறுங்கள். கழன்ற தோல் அதற்குள் சிக்கி இழுபடும். வார்னிஷ் நான் அடிப்பதில்லை. கழுவ முடியாத அளவு பழுதானால் வேறு கொப்பு இருக்கிறது, மரத்துக்கா பஞ்சம்.

பூட்டுதல்

இங்கே அவசரப்படாதீர்கள். வளர்ந்த ரோயல் பைதன் ஒன்றரை, இரண்டு கிலோ வரும். அது கொப்பின் நடுவில் அசையாமல் இருக்கும்போது எந்தக் கொப்பும் தாங்கும். அரை உடம்பைக் காற்றில் நீட்டி எதிர்ப்பக்கத்தைத் தேடும்போதுதான் நுனி முறுகும், கொப்பு உருளும். ஆகவே ஒவ்வொரு கொப்பும் குறைந்தது இரண்டு இடத்தில் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். சும்மா மூலைக்கு மூலை சாத்தி வைத்த கொப்பு கொப்பே அல்ல, பொறி.

பிவிசி அல்லது மரப்பலகைப் பெட்டி என்றால் வேலை சுலபம். சுவரில் துளை போட்டு, வெளியிலிருந்து உள்ளே, அகலமான வொஷர் போட்டு, கொப்பின் வெட்டுமுகத்துக்குள் ஸ்குரூவை இறக்குங்கள். கொப்பிலும் முன்கூட்டியே ஸ்குரூவைவிட ஒல்லியான துளை போட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த ஆப்பிள் பிளந்துவிடும். ஸ்குரூ முனை எங்கேயும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது.

கண்ணாடித் தொட்டியில் சுவரைத் துளைக்க முடியாது. ஒரு பிளைவூட் பலகையை அல்லது தடித்த சிலேட் கல்லைத் தொட்டியின் அடி அளவுக்குக் கிட்ட வெட்டி எடுத்து, கொப்பின் கால்களை அடியிலிருந்து அதில் ஸ்குரூ பண்ணி, முழுவதையும் ஒரே துண்டாகத் தொட்டிக்குள் இறக்குங்கள். அடிப்பலகை தொட்டியின் தரையில் நேரடியாக இருக்க வேண்டும், அதற்கு மேல்தான் தும்போ மரத்தூளோ கொட்ட வேண்டும். தும்புக்கு மேல் பாரத்தை வைத்தால், அடியில் வளை தோண்டிப் போகும் பாம்பின் மேல் அது இறங்கும். பிளைவூட் ஈரத்தில் ஊதும், ஈரப்பெட்டிக்குக் கல்தான் சரி. சிலிக்கன் ஒட்டுவதானால் மீன்தொட்டிக்கான சுத்தமான வகை மட்டும். குளியலறைச் சிலிக்கனில் பூஞ்சணத்துக்கு மருந்து கலந்திருப்பார்கள். ஒட்டிய பிறகு வினாகிரி மணம் முற்றாகப் போகும் வரை பாம்பு வேறிடத்தில் இருக்கட்டும். சூட்டுப் பசைத் துப்பாக்கியை மறந்துவிடுங்கள், லைட் சூட்டில் அது இளகும்.

பூட்டியதும் பாம்பை விடாதீர்கள். பாம்பின் நிறையைப்போல் மூன்று மடங்கு பாரத்தைக் கொப்பின் மிகப் பலவீனமான இடத்தில் கட்டித் தொங்கவிட்டு இரவு முழுக்க விடுங்கள். நான் பத்து இறாத்தல் அரிசிப் பையைக் கட்டுவேன், நாலரைக் கிலோ, கோர்ன் ஸ்னேக்குக்குத் தாராளம். உருண்டைக்கு அதோடு இன்னொரு சின்னப் பை சேரும். காலையில் கொப்பு அசையாமல் அதே இடத்தில் இருந்தால் சரி. அப்புறம் கொப்பைக் கையால் பிடித்து முறுக்குங்கள், கதவு திறப்பது மாதிரி. உருண்டால் இன்னொரு ஸ்குரூ.

லைட்டுக்கு வருவோம். பெட்டிக்குள் இருக்கும் எந்தச் சூட்டு லைட்டுக்கும் கம்பிக் கூடு போட வேண்டும், இது கொப்பு இல்லாவிட்டாலும் விதி. செரமிக் சூட்டுக்குமிழ் வெளிச்சம் தராது, ஆனால் மேற்பரப்பு 200 பாகையைத் தாண்டும். கொப்பு வந்ததும் கணக்கு மாறுகிறது: தரையில் 32 பாகையாக இருந்த இடத்துக்கு நேரே மேலே, ஒரு முழம் உயரத்தில், பாம்பு கிடக்கப்போகிறது. அதோடு வெப்பம் படுவது கொப்பின் மேற்பரப்பில் அல்ல, கொப்பில் கிடக்கும் பாம்பின் முதுகில். ஆகவே பாம்பின் தடிப்பளவு ஒரு துவாயைச் சுருட்டி, கொப்பின் மேல் வைத்து, லைட்டை இரண்டு மணி நேரம் எரியவிட்டு, துவாயின் மேல்பக்கச் சூட்டை அளந்து பாருங்கள். கோர்ன் ஸ்னேக்குக்கு 30ஐ ஒட்டியும் ரோயல் பைதனுக்கு 32ஐ ஒட்டியும் இருந்தால் நல்லது. 35க்கு மேல் போனால் கொப்பை இறக்குங்கள், லைட்டைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்தால் தரை குளிர்ந்துவிடும்.

ஒரு கொப்பு குளிர்ப்பக்கத் தரையிலிருந்து சூட்டுப்பக்கத்துக்குச் சரிவாகப் போகட்டும். இன்னொன்று கிட்டத்தட்டக் கிடையாக, நடு உயரத்தில், பிளாஸ்ரிக் இலையோ தக்கைப்பட்டையோ மறைக்கும் இடத்தில். வெட்டவெளியில் நிற்கும் கொப்பில் பாம்பு பகலில் ஏறாது. மூடிக்குக் கிட்ட நுனி நிற்கக் கூடாது; பாம்புக்கு அது நெம்புகோல். வலைமூடி லேசாக எழும்பினால் போதும், மறுநாள் காலை நீங்கள் வோஷிங் மெஷினுக்குப் பின்னால் டோர்ச் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு

முதல் சில வாரம் கணுக்களிலும் வெட்டுமுகங்களிலும் வெள்ளைப் பஞ்சு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கொப்பைக் கழற்றிச் சுடுதண்ணீரில் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி பூட்டலாம். அதற்காகத்தான் ஒட்டுவதைவிட ஸ்குரூ. பாம்பு கொப்பின் மேலிருந்தே கழிக்கும். வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்தால் பட்டைக்குள் இறங்கிவிடும், ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் ஒரு துணியோடு முடிந்தது. புதிதாக வாங்கிய பாம்பைத் தனியே வைத்துப் பார்க்கும் மாதங்களில் மரக்கொப்பே வேண்டாம், பிவிசி குழாய் ஒன்றைக் குறுக்கே பூட்டுங்கள். அதைக் கழுவலாம், உண்ணி ஒளிய வெடிப்பும் இல்லை. பழைய பெட்டியில் உண்ணி வந்துவிட்டால் கொப்பைக் காப்பாற்ற முயலாமல் பையில் கட்டி எறியுங்கள்.

அதற்குத் தயாராக, ஆப்பிள் கிடைக்கும் மார்ச் மாதத்திலேயே ஒன்றுக்குப் பதில் இரண்டு வெட்டி, இரண்டையும் ஒரே நீளத்துக்கு அறுத்து, ஒரே இடத்தில் துளை போட்டு, ஒன்றைக் கராஜில் வைத்துவிடுங்கள். மாற்ற வேண்டிய நாளில் ஸ்குரூ டிரைவர் மட்டும் போதும்.